ஆடி வெள்ளியில் இறங்கிய சர்க்கரை

சிவகாசிப் பக்கம் "மருந்து" என்றால் பட்டாசுக்குள் திணிப்பது. நான் கொடுப்பதை மாத்திரை, ஊசி என்று பேர் சொல்லித்தான் பேச வேண்டும். மல்லாங்கிணற்றிலிருந்து இங்கே நர்ஸ் வேலைக்கு வந்த புதிதில், "வீட்டுல மருந்து இருக்கா?" என்று ஒரு பெரியவரிடம் சாதாரணமாகக் கேட்டுவிட்டேன். அவர் எழுந்து கதவு வரை போய் எட்டிப் பார்த்துவிட்டு, "சத்தமாக் கேக்காதீக சிஸ்டர், வீட்டுல வச்சா கேசு" என்றார்.

அதன் பிறகு பல வருடங்கள் கழித்து, அரசு மருத்துவமனையின் சர்க்கரை நோய்ப் பிரிவில் என்னை உட்கார வைத்தார்கள். அங்கே எனக்கு ஒரு பெயர் வந்தது. பயமுறுத்துற சிஸ்டர். நானாக வைத்துக்கொண்டது இல்லை என்றாலும், அதில் எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமை இருந்தது. என் மேஜை டிராயரில் மூன்று படங்கள் இருந்தன: கறுத்துப்போன கால் விரல், புரை விழுந்ததுபோல மங்கிய கண், சுருங்கிய சிறுநீரகம். புதிதாக வருகிறவர்களுக்கு அந்த மூன்றையும் வரிசையாக எடுத்துப் போடுவேன். பிறகு, "சீனி விஷம். வெல்லம் அதுக்கு அண்ணன்" என்பேன். எதிரில் இருப்பவர் முகம் வெளுக்கும். அடுத்த மாதம் சர்க்கரை குறைந்து வருவார். எனக்கு வேறென்ன வேண்டும்?

அப்படி ஒரு நாள் எம். புதுப்பட்டியிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். அந்த அக்காவுக்கு நாற்பத்தெட்டு வயது. பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னுகிறவர். கால் பெருவிரலில் புண் ஒன்று ஒன்றரை மாதமாக ஆறாமல் இருந்தது. மாத்திரைக்குச் சர்க்கரை அசையவில்லை. டாக்டர் சீட்டில் இன்சுலின் என்று எழுதிவிட்டார். அந்தச் சீட்டோடு என் முன்னால் உட்கார்ந்ததும் அக்கா அழுதார்.

"ஊசின்னா கடைசிக் கட்டம்ல சிஸ்டர்?"

"கடைசியும் இல்ல, முதலும் இல்லக்கா. உடம்புல சுரக்க வேண்டியது சரியாச் சுரக்கல. அதை வெளியிலருந்து குடுக்கோம், அம்புட்டுதான்."

பக்கத்தில் நின்ற அவருடைய கணவர் கம்பீரமான ஆள். முப்பது வருடமாக மருந்துக் கலவை அறையில் வேலை. அந்த அறையில் கை நடுங்குகிறவனுக்கு இடமில்லை என்று வந்த உடனேயே எனக்குச் சொல்லிவிட்டார். "இவளுக்குப் பயம் சிஸ்டர். ஊசிய நானே போட்டுருவேன். எங்கிட்டச் சொல்லிக் குடுங்க."

நல்லதாகப் போயிற்று என்று ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து வைத்தேன். தோலில் குத்திப் பழக எங்களுக்கு அதுதான் வசதி. பாட்டிலைக் காட்டினேன்.

"இது கலங்கலா இருக்கும்ணே. அடியில தங்கியிருக்கும். ஆனா குலுக்கக் கூடாது. ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல வச்சு மெதுவா உருட்டணும்."

அவர் முகம் மலர்ந்தது. "மருந்தக் குலுக்குவாகளா யாராச்சும்? அதெல்லாம் எங்களுக்குத் தெரியும் சிஸ்டர்."

வெயிலில் வைக்கக் கூடாது என்றேன். தலையாட்டினார். பாட்டிலில் நாற்பது என்று போட்டிருந்தால் ஊசியும் நாற்பதுக்கானதாக, சிவப்பு மூடி போட்டதாக இருக்க வேண்டும், அளவு ஒரு கோடு கூடினாலும் குறைந்தாலும் ஆபத்து என்றேன். "அளவு பிசகுனா என்ன ஆகும்னு எங்கிட்டயா சொல்றீக?" என்று சிரித்தார். தொப்புளிலிருந்து இரண்டு விரல் தள்ளி, ஒரே இடத்தில் குத்தாமல் தினமும் இடம் மாற்றிக் குத்த வேண்டும் என்றேன். அதற்கும் தலையாட்டினார். முப்பது வருடத்தில் இப்படி ஒரு மாணவர் எனக்குக் கிடைத்ததில்லை என்று சொல்ல எனக்கு முப்பது வருட சர்வீஸ் இல்லை. இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

பிறகு ஊசியின் மூடியைக் கழற்றினேன். அந்தச் சின்ன முனையைப் பார்த்தார். எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார். நெற்றியில் முத்து முத்தாக வியர்த்தது. "சிஸ்டர், காத்தாடியக் கொஞ்சம்..." என்று சொல்லிக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அழுதுகொண்டிருந்த அக்கா அழுகையை நிறுத்திவிட்டு அவருக்குத் தண்ணீர் கொடுத்தார். பிறகு என் கையிலிருந்து ஊசியை வாங்கி, நான் சொன்னபடி பழத்தில் குத்தினார். இரண்டாவது முறை, புது ஊசியில், தன் வயிற்றிலேயே, டாக்டர் எழுதிய அளவில். சரத்தில் திரியை முறுக்குகிற விரல்கள் அவை. எனக்குக்கூட அவ்வளவு சுத்தமாக வராது.

"எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்லையே. இதுக்கா இம்புட்டு அழுதேன்?" என்றார். கீழே உட்கார்ந்திருந்த கணவரைப் பார்த்து, "நீங்க எந்திரிக்க வேண்டாம். அங்கனயே இருங்க" என்றார்.

அவருக்கு மரியாதைக்கு ஒரு வேலை வேண்டுமே. கண்காணிப்பை எடுத்துக்கொண்டார். வீட்டில் குளிர்சாதனப் பெட்டி ரிப்பேர் என்பதால், பாட்டிலை ஒரு டப்பாவில் போட்டு, ஈர மணலில் புதைத்த மண்பானைக்குள் வைக்கச் சொல்லியிருந்தேன். அடுத்த முறை வந்தபோது செல்பேசியில் படம் காட்டினார். பானை சரியாகத்தான் இருந்தது. அதற்கு மேல் சுவரில், அட்டையில் சிவப்பு மையால் எழுதி மாட்டியிருந்தார்: "அனுமதி இன்றி யாரும் தொடக்கூடாது." அந்த வீட்டில் இருந்ததே அவர்கள் இரண்டு பேர்தான்.

"டீயில சீனி கெடையாது சிஸ்டர். கோயில் பிரசாதம்கூட வாசலோட சரி. பக்கத்து வீட்டுல சீமந்தத்துக்கு லட்டு குடுத்தாக, நான் திருப்பிக் குடுத்துட்டேன். அவுக கூடப் பேச்சு வார்த்தை இல்ல இப்ப."

நான் பாராட்டினேன். புண்ணும் ஆறிக்கொண்டு வந்தது. அன்றைக்கு வரிசையில் கூட்டம் அதிகம். "ஊசிய மட்டும் ஒருநாளும் விட்டுறக் கூடாது" என்று அழுத்திச் சொன்னேன். அவர்கள் எழுந்து போகும்போது, நான் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுக்கொண்டே, "ஊசி போட்டா அரை மணிக்குள்ள சாப்பிடணும், தெரியும்ல?" என்றும் சொன்னேன். சொன்னேன் என்று சத்தியம்கூடப் பண்ணுவேன். ஆனால் அது கதவைத் தாண்டிப் போகிறவர்களின் முதுகிடம் சொன்னது.

ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை. காலை பத்து மணி இருக்கும். என் மேஜை முன்னால் இருபது பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். செல்பேசி அடித்தது.

"சிஸ்டர், நான்தான் புதுப்பட்டி. இருக்கன்குடி மாரியம்மன் கோயில்லருந்து பேசுறேன். இவளுக்கு அருள் வந்துருச்சு."

நர்சிங் படிப்பில் இதற்கு ஒரு பாடம் இல்லை. "நல்லதுண்ணே" என்றேன்.

"அதுக்கில்ல சிஸ்டர். இங்கன தண்ணிப் பந்தல்ல இருக்கவுக ஆத்தாவுக்குப் பானகம் குடுக்கணும்னு நிக்காக. பானகம்னா வெல்லம்ல? நான் விடல. இப்ப என்னைய அடிக்க வர்றாக. நீங்களே இவுககிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. ஸ்பீக்கர்ல போடுறேன்."

அவர் குரலில் அப்படி ஒரு பெருமை. நான் சபாஷ் என்று சொல்வேன் என்று எதிர்பார்த்துத்தான் கூப்பிட்டிருக்கிறார்.

"அண்ணே, அக்காவுக்கு வேர்க்குதா?"

"சட்டையப் பிழியலாம் சிஸ்டர். கை காலெல்லாம் ஆடுது."

"காலைல என்ன சாப்பிட்டாங்க?"

"விரதம்ல. பச்சத்தண்ணி பல்லுல படல. சாத்தூர்ல எறங்கி நடந்தே வந்துட்டோம்."

"ஊசி?"

"அது தவறுமா? அஞ்சரைக்கே போட்டாச்சு. நீங்க சொன்ன அளவு, ஒரு கோடு கூடல, கொறையல."

நான் எழுந்து நின்றுவிட்டேன். உள்ளே போன இன்சுலின் ஐந்தரை மணியிலிருந்து தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அது விரதம் என்று பார்க்காது. சாப்பாடு வரும் என்று நம்பிப் போட்டது, சாப்பாடு வரவில்லை. போதாததற்கு வெயிலில் நடை வேறு. இரத்தத்தில் இருந்த சர்க்கரையும் தீர்ந்திருக்கும்.

"அக்கா முழிச்சிருக்காங்களா? கூப்பிட்டாத் திரும்புறாங்களா? எச்சில் முழுங்குறாங்களா?"

"முழிச்சிருக்கா. என்னையத் திட்டுறா. ஏறுக்கு மாறாப் பேசுறா."

"அப்ப பானகத்தைக் குடுங்க!"

"என்னது சிஸ்டர்?"

"அண்ணே! பானகம் குடுங்க! ஒரு டம்ளர் நிறைய! வெல்லம் குடுங்க, சீனி குடுங்க, எது இருக்கோ அதைக் குடுங்க!"

நான் கத்திய கத்தலில் என் அறை முழுவதும் திரும்பிப் பார்த்தது. இருபது சர்க்கரை நோயாளிகள். எனக்குப் பின்னால் சுவரில் சீனி டப்பாவைச் சிவப்புக் கோடு போட்டு அடித்த படம். முதல் வரிசையில் இருந்த ஒருவர் மெதுவாகக் கேட்டார்: "எல்லாருக்குமா சிஸ்டர்?"

செல்பேசியில் அவர் குரல் தாழ்ந்து வந்தது. "சிஸ்டர்... சோதிச்சுப் பாக்கீகளா? வெல்லம் அதுக்கு அண்ணன்னு நீங்கதான சொன்னீக?"

"நான்தான் சொன்னேன். இப்ப நான்தான் சொல்றேன், குடுங்க!"

"நெசமா சிஸ்டர்தான் பேசுறீகளா? கொரலு வேற மாதிரி இருக்கே."

எனக்குப் பொறுமை போய்விட்டது. "எலுமிச்சம்பழத்தப் பார்த்துத் தலை சுத்தி என் ரூம்ல கீழ உக்காந்தீகளே, அந்த நர்ஸ்தான் பேசுறேன்!"

ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார் என்பது சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது. அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். அடுத்த நொடி, "ஏய், இங்கன குடுங்கப்பா டம்ளர" என்று அவர் குரல் கேட்டது.

உட்கார வைத்து, மடக்கு மடக்காகக் கொடுக்கச் சொன்னேன். மயங்கிச் சாய்ந்தால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, புரையேறி மூச்சு அடைக்கும், உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும் என்றும் சொன்னேன். கால் மணி நேரம் கழித்துக் கூப்பிடுங்கள் என்று வைத்துவிட்டேன்.

அந்தக் கால் மணி நேரத்தில் யாருக்கு என்ன பார்த்தேன் என்று எனக்கு நினைவில்லை. டிராயரைத் திறந்தபோது அந்த மூன்று படங்கள் மேலாகக் கிடந்தன. கறுத்த விரல், மங்கிய கண், சுருங்கிய சிறுநீரகம். எல்லாம் பல வருடத்தில் வருகிறவை. அரை மணி நேரத்தில் ஆளைச் சாய்க்கக் கூடியதற்கு என்னிடம் ஒரு படமும் இல்லை. அந்தப் பந்தலில் நின்றவர்கள் பானகத்தைக் கொடுத்திருப்பார்கள். தடுத்தது நான். இருக்கன்குடிக்குப் போகாமலே போய்த் தடுத்திருக்கிறேன்.

மறுபடி அடித்தது. இந்த முறை அக்காவே பேசினார்.

"சிஸ்டர், என்னைய நடுப்பாதையில உக்கார வச்சு ஆளாளுக்குக் கால்ல விழுந்து கும்புடுறாக. இந்த மனுசன் என்னடான்னா அழுறாரு. என்ன நடந்துச்சு?"

எனக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன. "ஒண்ணும் இல்லக்கா. இன்னொரு டம்ளர் குடிச்சிட்டு, உடனே சோறு சாப்பிடுங்க. ஆத்தா கோவிச்சுக்க மாட்டா."

அன்னதானத்தில் சாம்பார் சாதம் சாப்பிட்டுவிட்டு, கும்பிட்டுவிட்டு, பஸ்ஸிலேயே திரும்பி வந்தார்கள்.

திங்கட்கிழமை இரண்டு பேரும் நேராக மருத்துவமனைக்கு வந்தார்கள். அன்றைக்குத்தான் முழுக் கதையும் தெரிந்தது. பந்தலுக்குப் பக்கத்தில் அக்கா தள்ளாடி உட்கார்ந்ததும், உடம்பு ஆடுவதைப் பார்த்து ஒரு பெண் மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றியிருக்கிறார். இன்னொரு பெண் முன்னால் மண்டியிட்டு, "ஆத்தா, எம் மகளுக்கு வரன் எப்பத் தகையும்?" என்று கேட்டிருக்கிறார். அக்கா கண்ணை உருட்டி, "இன்னும் ஆறு கெடக்கு, முடிச்சாத்தான் எந்திரிப்பேன்" என்று சொல்லியிருக்கிறார். அந்தம்மா ஆறு மாதம் என்று கணக்குப் பண்ணிக்கொண்டு சந்தோஷமாகப் போய்விட்டார்.

"சரம் பின்னுற நெனப்புல சொல்லியிருக்கேன் சிஸ்டர். ஆறு சரம் பாக்கி. பாவம் அந்தப் பிள்ள" என்றார் அக்கா.

நான் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டேன். சும்மா வாய் வார்த்தைக்கு இல்லை. சர்க்கரை ஏறுவதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிவிட்டு, இறங்குவதைப் பற்றி ஒரு வரி, அதையும் முதுகைப் பார்த்துச் சொன்னது என் தப்பு என்றேன். அவர்கள் இரண்டு பேருக்கும் அது சங்கடமாக இருந்தது. கணவர், "நீங்க எங்களுக்காகத்தான சிஸ்டர் பயமுறுத்துனீக" என்றார். டாக்டரிடமும் போய்ச் சொன்னேன். அவர் அளவைக் கொஞ்சம் குறைத்து எழுதினார். விரதம் இருப்பதானால் இரண்டு நாள் முன்னாலேயே வந்து கேட்க வேண்டும் என்று அக்காவிடம் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க நல்லா பயமுறுத்துவீங்கன்னு தெரியும் சிஸ்டர். இவ்வளவு நல்லா பயமுறுத்துவீங்கன்னு தெரியாமப் போச்சு" என்றார். தலைகுனிந்து கேட்டுக்கொண்டேன்.

அன்றைக்கு மெதுவாக, உட்கார வைத்து, தாழ் சர்க்கரையைப் பற்றி மட்டும் பேசினேன். திடீர் வியர்வை, நடுக்கம், படபடப்பு, கொலைப்பசி, காரணமில்லாத கோபம், பேச்சுக் குழறல். இதில் எது வந்தாலும் மூன்று ஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். கால் மணி பொறுக்க வேண்டும். குறையாவிட்டால் இன்னொரு தடவை. சரியானதும் சாப்பாடு.

"கோவம் வந்தாலுமா?" என்று கேட்டார் கணவர்.

"ஆமாண்ணே."

அவர் அதை மனத்தில் குறித்துக்கொண்டார். நான் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

அடுத்த மாதம் அக்காவின் சர்க்கரை முந்நூற்றைத் தாண்டியிருந்தது. நான் திடுக்கிட்டேன். அக்கா கணவரைக் கை காட்டினார்.

"நான் ஏதாச்சும் சத்தம் போட்டா உடனே சீனித் தண்ணி கரைச்சுட்டு வந்து நிக்காரு சிஸ்டர். குழம்புல உப்பு கம்மின்னு சொன்னா, 'கோவம் வந்துருச்சு, இந்தா குடி'ங்காரு. கொட்டாவி விட்டா மிட்டாய். உச்சி வெயில்ல வேர்த்தா வெல்லக்கட்டி. நம்ம ஊர்ல வேர்க்காம எப்ப இருந்துச்சு?"

"நடுக்கம் வந்து அப்புறம் தேடக் கூடாதுல்ல?" என்றார் அவர், கொஞ்சமும் தளராமல்.

மூச்சை இழுத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். விரல் நுனியில் குத்திப் பார்க்கிற சின்ன மெஷினை வாங்கச் சொன்னேன். சந்தேகம் வந்தால் முதலில் அதில் பார்ப்பது, எழுபதுக்குக் கீழே என்றால் சீனி, மெஷின் கையில் இல்லாமல் அறிகுறி பலமாக இருந்தால் பார்க்காமலே சீனி, மற்ற கோபத்துக்கெல்லாம் அவர் வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். இந்தக் கடைசி யோசனை அக்காவுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. குத்துவது யார் என்ற கேள்வி வந்தது. அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "நானே குத்திக்கிடுறேன்" என்றார் அக்கா. நம்பரைப் பார்த்து நோட்டில் எழுதுவது அவர் வேலை என்று முடிவானது. அதன் பிறகு ஆறேழு மாதத்தில் சர்க்கரை ஓர் ஒழுங்குக்கு வந்தது. புண் தழும்பாகிவிட்டது.

நான் டிராயரை மாற்றி அடுக்கினேன். படங்களை எறிந்துவிடவில்லை, அவை வேண்டும். ஆனால் இன்சுலின் தொடங்குகிறவர் யார் வந்தாலும், ஊசியைத் தொடுவதற்கு முன்னால் சீனிப் பொட்டலம் ஒன்றைக் கையில் கொடுத்து, இது எப்போது, எப்படி என்பதை முதலில் சொல்கிறேன். சொன்னதை அவர் வாயால் திருப்பிச் சொல்லக் கேட்ட பிறகுதான் அடுத்த டோக்கன். வரிசை நீளமாகிறது என்று முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும்.

போன வருடம் அக்கா வேலை பார்க்கிற பட்டாசுக் கம்பெனியில் தொழிலாளிகளுக்குச் சர்க்கரை பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டார்கள். சீசன் முடிந்து ஆர்டர் குறைந்திருந்த நேரம். தீப்பொறிக்குப் பயந்து வாசலில் செல்பேசியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வேப்பமரத்தடியில் பெண்கள் சாப்பாட்டுத் தூக்கோடு உட்கார்ந்திருந்தார்கள். நான் கணையம் என்று ஆரம்பித்தேன். இரண்டு பேர் கொட்டாவி விட்டார்கள்.

அக்கா எழுந்து, "சிஸ்டர், நீங்க செத்த உக்காருங்க" என்றார். கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"ஏத்தா, நல்லாக் கேட்டுக்கோங்க. ஊசி போட்டா சோறு திங்கணும். சோறு இல்லன்னா டாக்டரக் கேக்காம ஊசியத் தொடக் கூடாது. கை நடுங்கி வேர்த்துக் கொட்டுச்சா, மூணு கரண்டி சீனி. பெரிய கரண்டி இல்ல, டீக்கரண்டி. ஆளு மயங்கிட்டா வாயில ஊத்தாம ஆஸ்பத்திரிக்குத் தூக்கணும். அம்புட்டுதான். இதுக்கு மேல சிஸ்டர் சொல்லுவாக."

இதற்கு மேல் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. பின்னாலிருந்து ஓர் இளம்பெண், "அப்ப அன்னைக்கு இருக்கன்குடியில சாமி வரலையாக்கா?" என்று கேட்டாள்.

அக்கா கொஞ்சம் யோசித்தார். "சாமி வந்துச்சா இல்லையான்னு எனக்கு எப்படித்தா தெரியும்? நான்தான் நெனவுல இல்லையே" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நாலைந்து பேர் என்னிடம் வந்து விரலை நீட்டினார்கள், குத்திப் பார்த்து எழுதிக்கொண்டேன். ஒருத்திக்கு அதிகம் இருந்தது. புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கட்டாயம் வரச் சொன்னேன். மணி அடித்ததும் தூக்குகளைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே போனார்கள். வாசலில் செல்பேசியை வாங்கிக்கொண்டு, புதுப்பட்டி விலக்கில் பஸ்ஸுக்கு நின்றேன். பஸ் வர முக்கால் மணி நேரம் ஆயிற்று.